பேர் சொல்லுங்க... பாய் ரெடி!

உங்க ஆளுக்குப் பிறந்த நாள் வருது. இல்லைன்னா பிப்ரவரி 14. இல்லைன்னா முதல் வருஷக் கல்யாண நாள். என்ன வாங்கித் தரப்போறீங்க?

கேட்டதுமே முழி பிதுங்குதுல்ல! ஒரு பொண்ணுக்கு கிஃப்ட் வாங்கணும்னா பஜார்ல பாதிக் கடை அதுக்குன்னே திறந்து வெச்சிருக்காங்க. பையனுக்கு? சட்டை எடுத்தா சைஸ் சரியா வராது. வாட்ச் வாங்கினா, அதைக் கட்டிக்கிட்டே செல்போனை எடுத்து மணி பார்ப்பான். பர்ஸ் கொடுத்தா, 'உள்ளே ஒண்ணும் இல்லையே'னு ஜோக் அடிப்பான். கர்ச்சீஃப் கொடுத்தா பிரிஞ்சிடுவீங்கன்னு ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் ஒரு ஜோசியக்காரி மிரட்டுவா. மிச்சம் இருக்கிறது அந்த போட்டோ கப். சூடா காபி ஊத்தினா உங்க மூஞ்சி தெரியும், ஆறிப் போனா மறைஞ்சிடும். இதுக்குப் பேரு ரொமான்ஸாம்!

விடுங்க. உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். திருநெல்வேலி பக்கம். 'ஓ, அல்வாவா?'னு கேக்குறது காதுல விழுது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிர்ல இருட்டுக்கடையில சாயங்காலம் அல்வா வாங்கி, வாழை இலையில நெய் ஒழுக ஒழுகச் சாப்பிடலாம், தப்பே இல்லை. ஆனா லவ்வருக்கு அல்வா கொடுத்தேன்னு நாளைக்கு வெளியில சொல்ல முடியுமா? அதனால டவுன்ல இறங்காதீங்க. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் போற பஸ்ஸைப் பிடிங்க. 20 கிலோமீட்டர் சுமாருக்கு வந்தா பத்தமடை. ரயில்னா செங்கோட்டை லைன்ல சேரன்மகாதேவியில இறங்கி, அங்கேர்ந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு வரலாம்.

ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க. ரெண்டு பக்கமும் வயல், வாழைத் தோட்டம், நடுநடுவுல வாய்க்கால். தாமிரபரணி கண்ணுக்குத் தெரியாட்டியும் கூடவே வந்துக்கிட்டிருக்கும். அந்த ஆத்துத் தண்ணி இல்லைன்னா இந்த ஊர்ப் பாயும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

ஆமா, பாய்தான். படுக்கிற பாய். சிரிக்காதீங்க பாஸ், நானும் முதல்ல சிரிச்சவதான்.

நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல சீர்வரிசையில பாய் வைக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். பத்தமடையில அந்தப் பாய்லயே பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, கல்யாணத் தேதி எல்லாத்தையும் சேர்த்து நெய்ஞ்சு கொடுக்கிறாங்க. பிரிண்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, பெயின்ட் இல்லை. புல்லோட புல்லா, நூலோட நூலா பேரும் சேர்ந்தே வளரும். கல்லூரிச் சுவர்ல ஹார்ட் வரைஞ்சு பேர் எழுதுறவங்க எல்லாம் இவங்ககிட்ட டியூஷன் போகணும்.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம். ரிஷிகேஷ்ல தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கின சுவாமி சிவானந்தர் 1887-ல பிறந்தது இதே பத்தமடையிலதான். எல்லாத்தையும் துறந்து இமயமலை அடிவாரத்துக்குப் போன சந்நியாசி ஒருத்தர். ஊர் பூரா கல்யாணப் பாய். ஒரே ஊர்ல ரெண்டும் எப்படி செட் ஆச்சுன்னு யோசிச்சா சிரிப்பா வருது.

தெருவுக்குள்ள நடந்து போனா பெரிய ஃபேக்டரி எதுவும் கண்ணுல படாது. வீடுகள்தான். திறந்திருக்கிற கதவு வழியா எட்டிப் பார்த்தா, தரையோட தரையா ஒரு தறி. மூங்கில் கழியில பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பாங்க. குந்தி உட்கார்ந்து ஒரு அம்மாவோ அக்காவோ நீளக் குச்சியில ஒவ்வொரு கோரையா கோத்து உள்ளே விட்டு, அச்சை இழுத்துத் தட்டுவாங்க. டக். அடுத்த கோரை. டக். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். நெய்யறவங்கள்ல பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள்தான்.

கோரைங்கிறது ஆத்தோரத்துல, வாய்க்கால் ஓரத்துல வளர்ற புல். பச்சையா அறுத்து, கிழிச்சு, காய வெச்சு, அப்புறம் ஓடுற தண்ணியில ஒரு வாரம் ஊறப் போடுவாங்க. ஊறி உப்பினதை மறுபடி காய வெச்சு, தலைமுடி கணக்கா மெல்லிசாக் கிழிப்பாங்க. தேங்கின தண்ணியில போட்டா வேலைக்கு ஆகாது, ஓடுற ஆத்துத் தண்ணிதான் வேணும்னு சொல்றாங்க. சாயம் முன்னாடியெல்லாம் மரத்துலேர்ந்து எடுத்தது. இப்போ பெரும்பாலும் பாக்கெட் சாயம்.

பாய்ல தரம் இருக்கு. முரட்டுப் பாய், நடுத்தரம், அப்புறம் 'பட்டுப் பாய்'. இந்தப் பட்டுப் பாயை 100-லேர்ந்து 140 கவுன்ட் வரைக்கும் சொல்லுவாங்க. கவுன்ட் ஏற ஏற நைஸ். கையில எடுத்தா பாய்னே தோணாது, துணி மாதிரி மடியும். 1953-ல இங்கிலாந்து எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு எங்க ஊர்ப் பாய் போச்சுன்னு இன்னைக்கும் பெருமையா சொல்லுவாங்க. புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பெருமை ஒரு பக்கம். ஒரு நாள் முழுக்க இடுப்பொடிய உட்கார்ந்தா சில அங்குலம்தான் வளருது, அதுக்குக் கிடைக்கிற கூலியைக் கேட்டா நமக்கே கூச்சமா இருக்கும். பக்கத்துல பிளாஸ்டிக் பாய் ஒண்ணு கடையில தொங்குது. முசிறி பக்கம் மெஷின் தறியில கோரைப்பாய் ஓடுது. 'என் பொண்ணை இதுல உக்கார வெக்க மாட்டேன், படிக்கட்டும்'னு சொல்ற அம்மாக்களைப் பார்த்தேன். எப்படித் தப்புன்னு சொல்ல முடியும்?

சரி, என் கதைக்கு வர்றேன்.

2009. பாளையங்கோட்டையில மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்தேன். அவன் வேற காலேஜ். அவனுக்குப் பிறந்த நாள் வந்தது. ரூம்மேட்தான் இந்த ஐடியாவைக் கொடுத்தா. 'ரெண்டு பேர் பேரும் போட்டுப் பாய் நெய்வாங்கடி. பார்த்தான்னா செத்தான்!' மெஸ்ல மிச்சம் பிடிச்ச காசு, ஸ்காலர்ஷிப்ல மிச்சம் பிடிச்ச காசு, ரூம்மேட்கிட்ட கடன். மூணையும் சுருட்டி ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில என்னை உட்கார வெச்சு மோர் கொடுத்தாங்க. அறுபது வயசுக்கிட்ட இருக்கிற பெரியம்மா ஒருத்தங்க தறியை விட்டு எழுந்து வந்தாங்க. எனக்குப் பக்கத்துலயே இன்னும் ரெண்டு பேர் சீர்ப்பாய் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அம்மாவும் மகளும் போல.

"யாருக்கு தாயி பாய்?"

"ஃப்ரெண்டுக்குங்க பெரியம்மா."

"கல்யாணமா?"

"ஆங்... ஆமா. இல்ல. இனிமேத்தான்."

பெரியம்மா சிரிக்கல. ஒரு பழைய நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்தாங்க.

"பொண்ணு பேரு சொல்லு."

சொன்னேன். என் பேருதான். எழுதிக்கிட்டாங்க.

"மாப்பிள்ளை பேரு?"

அங்கதான் மாட்டிக்கிட்டேன்! என் பேரு கோயில் பிரகாரத்துல இருக்கிற பேரு. அவன் பேரு பைபிள்ல இருக்கிற பேரு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா, கேக்குறவங்களுக்குக் கதை பூரா புரிஞ்சிடும். பக்கத்துல அந்த அம்மாவும் மகளும் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க. எங்க நெல்லைச் சீமையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா, மூணாவது நிமிஷத்துல 'அட, நீ இன்னார் மகளா'னு சொந்தம் கண்டுபிடிச்சிடுவாங்க. நாலாவது நிமிஷம் எங்கப்பாவுக்குப் போன் போயிடும்.

நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு வருஷமா தினமும் நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி எழுதிப் பார்க்கிற பேரு. வாய்ல வரமாட்டேங்குது.

"முதல் எழுத்து மட்டும் போட்டா போதும் பெரியம்மா"ன்னேன்.

"மொத எழுத்து மட்டும் போட்டா வட்டிக்கடை நோட்டு மாதிரில்லா இருக்கும்"னு சொல்லிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. பேனாவை மூடினாங்க. "இப்ப வேண்டாம் தாயி. நெஞ்ச பாயில பொறவு பேரு சேக்க முடியாது. நெஞ்ச பேர எடுக்கவும் முடியாது. அதனால வெறும் பாய் கொண்டு போ. பேரு பொறவு வரட்டும்."

அப்படித்தான் பேர் இல்லாத ஒரு நடுத்தரப் பாயை வாங்கிக்கிட்டு வந்தேன். ஓரத்துல பச்சைக் கோடு, செவப்புக் கோடு, அவ்வளவுதான். பேப்பர் சுத்தி டவுன் பஸ்ல ஏத்தினா, 'பாய்க்கும் டிக்கெட் போடவா'னு கண்டக்டர் கிண்டல். பஸ் ஸ்டாப்ல நின்ன அவன்கிட்ட நீட்டினதும் மூஞ்சியைப் பார்க்கணுமே! வாட்ச் எதிர்பார்த்திருப்பான் போல. பிரிச்சுப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"பத்தமடையில பேரெல்லாம் போட்டுத் தருவாங்களாமே. ஏன் போடல?"

"காசு பத்தல"ன்னேன்.

பொய். இப்போ ஒத்துக்கிறேன். அந்தப் பாய்ல ஹாஸ்டல் மொட்டை மாடியில வெயில் காலம் பூரா படுத்தான். வேலைக்குச் சென்னை வந்தப்போ சூட்கேஸோட சேர்த்துக் கட்டி எடுத்துட்டு வந்தான்.

உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்றேன் தோழிகளே. சட்டைக்கு சைஸ் தெரிஞ்சா போதும். கப்புக்கு போட்டோ இருந்தா போதும், ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு நீங்க போர்வைக்குள்ளயே இருக்கலாம். இந்தப் பாய்க்கு நீங்க முன்னபின்ன தெரியாத ஒருத்தங்க முன்னாடி உட்கார்ந்து, உங்க பேரையும் அவர் பேரையும் வாய்விட்டுச் சொல்லணும். அதுக்கு அப்புறம் வாரக்கணக்குல காத்திருக்கணும். அதுக்குள்ள சண்டை வரலாம், சமாதானம் வரலாம், ரெண்டும் வரலாம். 'கேன்சல்'னு ஒரு பட்டன் கிடையாது. அவருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அது உங்களைக் கேள்வி கேட்டுடும்.

சொல்ல முடியலையா? வருத்தப்படாதீங்க. வெறும் பாய் வாங்குங்க. நான் வாங்கலையா!

போறவங்களுக்குக் கொஞ்சம் டிப்ஸ். பேர் போட்ட பாய் வேணும்னா விசேஷத்துக்கு ஒரு மாசமாவது முன்னாடியே போய்ச் சொல்லிடுங்க. மழைக்காலம்னா இன்னும் முன்னாடி, கோரை காயணும். பேரைத் தமிழ்லயா, இங்கிலீஷ்லயானு முடிவு பண்ணி, பேப்பர்ல பெரிய எழுத்துல தெளிவா எழுதிக் கொடுங்க. 'ன'வுக்கு 'ண' விழுந்துட்டா ஆயுசுக்கும் அந்தப் பேரோடதான் குடும்பம் நடத்தணும். சாதாரணப் பாய் ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்குள்ள வரும். பட்டுப் பாய் ஆயிரக்கணக்குல போகும். அவங்க வீட்டு வாசல்லயே உட்கார்ந்து பேரம் பேசிக் கழுத்தை அறுக்காதீங்க. அவ்வளவு காசு இல்லைன்னா பை, பர்ஸ், டேபிள் மேட்னு சின்னச் சின்னதாவும் கோரையில செஞ்சு வெச்சிருக்காங்க. ஊருக்கே போக முடியாதவங்க பூம்புகார் கடைகள்ல கேட்டுப் பார்க்கலாம். ஆனா அங்கே மோர் கிடைக்காது. வாங்கினதை ஈரத்தோட சுருட்டி வெச்சா பூஞ்சணம் பிடிச்சிடும், நிழல்ல உலர்த்திட்டுச் சுருட்டுங்க.

பசங்க யாராவது இதுவரைக்கும் படிச்சிருந்தா, ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துக்கோங்க.

2015-ல நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம். வேற வேற மதத்துக்காரங்க மதம் மாறாம கல்யாணம் பண்ணணும்னா 1954-ல வந்த சிறப்புத் திருமணச் சட்டம் ஒரு வழி. அதுல 30 நாள் நோட்டீஸ் உண்டு. ரெண்டு பேர் பேர், அட்ரஸ் எல்லாம் எழுதி ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டிடுவாங்க. அவன் பேரும் என் பேரும் ஒண்ணா எழுதி நான் முதன்முதலா பார்த்தது அந்த நோட்டீஸ்லதான். பக்கத்துல வெற்றிலை எச்சில் பட்ட சுவரு. கொஞ்சம்கூட ரொமான்ஸ் இல்லாத இடம். அந்த வராண்டாவுல நின்னுதான், 'அன்னைக்குக் காசு இருந்துச்சுடா. பேர் சொல்லத்தான் தைரியம் இல்லை'னு அவன்கிட்ட சொன்னேன். 'எனக்கு அப்பவே தெரியும்'னான். தெரிஞ்சிருக்காது, சும்மா சொல்றான்.

30 நாள் முடியறதுக்குள்ள யாரோ பார்த்து, யாருக்கோ சொல்லி, விஷயம் எங்க வீட்டுக்குப் போயிடுச்சு. அம்மா ஒன்றரை வருஷம் என்கூடப் பேசல. அதைப் பத்தி இங்க நிறைய எழுத இஷ்டமில்லை. 2017-ல ரெண்டு வீடும் ஒருவழியா சமாதானமாகி, திருநெல்வேலியில மண்டபம் பிடிச்சு, ஊரைக் கூட்டி வரவேற்பு வெச்சாங்க. எங்க சொந்தக்காரங்க கணக்குல எனக்குக் கல்யாணம் நடந்தது அன்னைக்குத்தான். அம்மா வருஷா வருஷம் போன் பண்ணி வாழ்த்துறதும் அந்தத் தேதியிலதான்.

2023-ல, அவருக்குத் தெரியாம, (கல்யாணத்துக்கு அப்புறம் 'அவன்' 'அவர்' ஆயாச்சு, பாதி நேரம்) பத்தமடைக்குத் திரும்பப் போனேன். அதே தெரு, அதே வீடு. பெரியம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல. தறியில மருமக உட்கார்ந்திருந்தாங்க. பெரியம்மாவுக்கு என்னை ஞாபகம் இல்லை. எத்தனை பொண்ணுங்க வந்து அந்தத் திண்ணையில முழிச்சிருப்பாங்களோ! நான் கதையைச் சொன்னதும், "அப்படியா சொன்னேன்?"னு சிரிச்சாங்க. மோர் வந்தது.

மருமக நோட்டை எடுத்தாங்க.

"பொண்ணு பேரு?"

சொன்னேன்.

"மாப்பிள்ளை பேரு?"

சொன்னேன். வாசல்ல போறவங்களுக்கும் கேக்குற மாதிரி கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. தெருவுல சைக்கிள்ல போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

"தேதி?"

இதை நான் யோசிச்சுக்கிட்டே வரல. பேர்தான் பிரச்னைன்னு நினைச்சிருந்தேன். 2017-னு போட்டா அம்மா சந்தோஷப்படுவாங்க, வீட்டுக்கு வர்றவங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. 2015-னு போட்டா... பேசாம இருந்த அந்த ஒன்றரை வருஷத்தையும் சேர்த்து நெய்ஞ்ச மாதிரி ஆயிடும். மருமக பேனாவைத் தூக்கிப் பிடிச்சபடி காத்திருந்தாங்க. பெரியம்மா மட்டும் என் பக்கமா முகத்தைத் திருப்பினாங்க. எதுவும் சொல்லல.

2015-ஐத்தான் சொன்னேன்.

பாய் வர நாலு வாரம் ஆச்சு. கத்தரிப்பூ கலர் கரை, ஒரு ஓரத்துல பேர் ரெண்டும், கீழே தேதி. பிரிச்சுப் பார்த்தார். பேரை விட்டுட்டுத் தேதி மேல விரலை வெச்சுத் தடவினார். 'காசு பத்துச்சா?'னு கேட்டார். அவ்வளவுதான் விமர்சனம்.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாங்க. பீரோ மேல இருந்ததை அவங்களே எடுத்து விரிச்சாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாங்க. அடுப்படியில நின்ன எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. அம்மா ஒண்ணும் கேக்கல. சுருக்கம் விழாம பாயைச் சுருட்டி, தன்னோட பழைய சேலைக் கிழிசல்ல ரெண்டு இடத்துல கட்டி, இருந்த இடத்துலயே திரும்ப வெச்சாங்க. "ஈரம் படாம வெச்சுக்கோங்க மாப்ள"ன்னு அவர்கிட்டதான் சொன்னாங்க. "சரி அத்தை"ன்னார்.

அது அங்கேயேதான் இருக்கு. கரன்ட் போற ராத்திரியில மொட்டை மாடிக்கு அவர் தூக்கிட்டுப் போறது 2009 பாயைத்தான். பச்சைக் கோடு வெளுத்து, ஓரம் பிரிஞ்சு, ஒரு மூலையில கொசுவத்தி சுட்ட ஓட்டை வேற. போன வாரமும் அதேதான் நடந்தது. 'அவ்வளவு காசு கொடுத்துப் புதுசு வாங்கினது எதுக்கு?'னு சண்டைக்குப் போனேன்.

"அதுல படுத்தா பேரு தேஞ்சிடும்ல? நீ வா, இதுலயே இடம் இருக்கு"ன்னு சுவர் பக்கமா நகர்ந்து படுத்துக்கிட்டார்.